கலக்கத்தை மறைப்பதா தைரியம்?



வியாபாரத்தில் கால் வைத்த நாளில் பெரியவர்கள் நமக்குச் சொல்லித் தந்த முதற்பாடம், முகத்தைக் காத்துக்கொள் என்பதுதான். சரக்கில் நஷ்டம் வந்திருக்கலாம். வாடகை பாக்கி இருக்கலாம். கடன் கொடுத்தவர் காலையிலேயே வந்து உட்கார்ந்திருக்கலாம். என்றாலும் வாடிக்கைக்காரர் படியேறும்போது கல்லாவில் இருப்பவர் முகம் வாடியிருக்கக் கூடாது. முகம் வாடினால் நாணயத்தின்மீது சந்தேகம் பிறக்கும். சந்தேகம் பிறந்தால் கடனுக்குச் சரக்குக் கிடைக்காது. இது கடைத்தெருவின் நியாயம். இதில் குற்றமில்லை.

ஆனால், கடையைப் பூட்டிய பிறகும் அதே முகத்தை வைத்துக்கொண்டுதானே வீட்டாரிடம் பேசுகிறோம்? அது சரியா? மனைவி, உடன்பிறந்தார், உயிர்த்தோழர் ஆகியோரிடமும் கலக்கத்தை மறைத்து நிற்பதுதான் தைரியமா? அல்லது மனத்தில் உள்ளதையெல்லாம் கொட்டிவிடுவதுதான் அன்பா? இரண்டுக்கும் நடுவே அளவு ஒன்று உண்டா? இதையே இந்தப் பாடத்தின் பொருளாக எடுத்துக்கொண்டோம்.

நாம் ஆலிமல்லர். ஊர் மதரஸாவில் ஓதியதும், ஆரம்பப் பள்ளியில் படித்ததும், பிறகு கடையில் கற்றதுமே நம் கல்வி. உலமாக்களிடம் கேட்டதையும் நமக்கு நேர்ந்ததையும் சேர்த்து எழுதுகிறோம். பிழை கண்டால் பொறுத்துத் திருத்துவீர்களாக.

நமக்கு நேர்ந்தது

பினாங்கில் நமக்கு ஒரு சிறு ஜவுளிக் கடை உண்டு. 2020ஆம் ஆண்டு நோன்புப் பெருநாள் வியாபாரத்தை நம்பி, ஆண்டுத் தொடக்கத்திலேயே வழக்கத்தைவிட அதிகமாகச் சரக்கு எடுத்து அடுக்கினோம். மார்ச் 18ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. உணவு, மருந்து போன்ற அவசியக் கடைகள் நீங்கலாக மற்றவை அடைபட்டன. மே மாதம் கட்டுப்பாடு சற்றுத் தளர்ந்து நாம் கதவைத் திறந்தபோது நோன்பு பத்துக் கழிந்துவிட்டது. வந்தவர் சிலர். அவர்களும், இந்தப் பெருநாளுக்கு எங்கே போகப் போகிறோம், புதுத்துணி எதற்கு என்று திரும்பிப் போனார்கள்.

நம் வீட்டாரும், பிள்ளைகளும், உம்மாவும் இராமநாதபுரம் ஜில்லாவில் கடலோரத்து ஊரில் இருக்கிறார்கள். அதே மார்ச் மாதம் இந்தியா வெளிநாட்டு விமானங்களை நிறுத்திவிட்டது. ஊருக்குப் போகவும் வழியில்லை. இரவுதோறும் தொலைபேசியில் முகம் பார்த்துப் பேசுவோம். “மச்சான், கடை எப்படி?” என்று வீட்டார் கேட்பார்கள். “அல்ஹம்துலில்லாஹ், எல்லாம் நலம், நீ கவலைப்படாதே” என்போம். பேசி முடித்துவிட்டு, மூட்டை பிரிக்காத சரக்கைப் பார்த்தபடி விடியும் வரை உட்கார்ந்திருப்போம். மாதப் பணம் மட்டும் தவறாமல் போயிற்று. அது கைமாற்று வாங்கி அனுப்பிய பணம்.

ஊர் வீட்டுக்கு மாடி எடுக்கும் வேலை அப்போது பாதியில் நின்றிருந்தது. நாம் நலம் நலம் என்று சொன்னதை நம்பி, ஜூலை மாதம் வீட்டார் கொத்தனாரைத் திரும்ப அழைத்தார்கள். கம்பியும் சிமெண்டும் இறக்கினார்கள். நமக்கு நெஞ்சு பதைத்தது. அப்போதும் நிறுத்து என்று சொல்ல வாய் வரவில்லை. சொன்னால் காரணம் கேட்பார்களே!

ஆகஸ்டு மாதம் விஷயம் வெளிவந்தது. நாம் கைமாற்று வாங்கியிருந்த நண்பர் ஒருவர் வாயிலாக ஊரில் நம் மைத்துனருக்குத் தெரிந்து, அவர் வாயிலாக வீட்டாருக்குத் தெரிந்தது. அன்றிரவு வீட்டார் அழவுமில்லை, ஏசவுமில்லை. “மச்சான், நஷ்டம் அல்லாஹ்வின் நாட்டம். ஊர் அறிந்த பிறகு நான் அறிந்தேனே, அதைத்தான் தாங்க முடியவில்லை” என்று மட்டும் சொன்னார்கள்.

மறுநாளே வேலையை நிறுத்தினார்கள். இறக்கிய கம்பியை, வாங்கிய விலைக்குச் சற்றுக் குறைத்து, வீடு கட்டிக்கொண்டிருந்த வேறொருவருக்குக் கொடுத்தார்கள். மாதச் செலவைத் தாளில் எழுதி, எதை நிறுத்தலாம், எதைக் குறைக்கலாம் என்று நமக்குப் படித்துக் காட்டினார்கள். நான்கு மாதமாக நாம் தனியே சுமந்து திணறிய கணக்கு, நான்கு நாளில் ஓர் ஒழுங்குக்கு வந்தது. ஏப்ரலில் சொல்லியிருந்தால் ஜூலையில் கம்பி வாங்கியிருக்கவே மாட்டார்கள். நம் மௌனத்தால் வந்த நஷ்டமும் அந்தக் கணக்கில் சேர்ந்தது.

இன்னொன்றும் அன்று வெளிவந்தது. மே மாதத்தில் நம் உம்மா முற்றத்தில் வழுக்கி விழுந்து இரண்டு வாரம் படுக்கையில் இருந்திருக்கிறார்கள். இவர் விமானம் இல்லாமல் அங்கே துடித்துப் போவாரே என்று வீட்டார் அதை நம்மிடம் மறைத்துவிட்டார்கள். உம்மா தூங்குகிறார்கள், தொழுகிறார்கள் என்று சொல்லிச் சொல்லியே நாளைக் கடத்தினார்கள். இரவெல்லாம் விழித்திருந்து உம்மாவைத் தூக்கிப் பிடித்தவர்கள் அவர்கள். இங்கே விழித்திருந்தவர் நாம். நடுவில் கடல். இருவரும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டதோ, எல்லாம் நலம்.

இருவரும் அன்பினால்தான் மறைத்தோம். ஆயினும் துணை இருந்தும் துணையற்றவர்களாகவே அந்த மாதங்களைக் கழித்தோம். இது நடந்த பிறகுதான், சிறுவயது முதல் கேட்டுவந்த நபிசரிதையில் நாம் கவனிக்காமல் விட்ட இடங்கள் சில கண்ணில் பட்டன.

முதற்பாடம்: கணக்கை மறைக்காதவர்

பெருமானார் (ஸல்) அவர்களுக்கும் ஹஜ்ரத் கதீஜா (ரலி) அவர்களுக்கும் உறவு தொடங்கியது வியாபாரத்தில் என்பதை நாம் அனைவரும் அறிவோம். குவைலித் என்பவரின் மகளாரான கதீஜா (ரலி) அவர்கள் மக்காவில் பெரும் வர்த்தகர். பிறரிடம் சரக்கைக் கொடுத்து, லாபத்தில் பங்கு பேசி அனுப்புவது அவர்கள் வழக்கம். அவ்வாறே பெருமானாரிடம் சரக்கை ஒப்படைத்து, மைஸரா என்ற பணியாளரையும் உடன் சேர்த்து ஷாம் தேசத்துக்கு அனுப்பினார்கள். போன சரக்கு நல்ல லாபத்துடன் திரும்பிற்று. வழியில் கண்ட நடத்தையையும் நேர்மையையும் மைஸரா எடுத்துச் சொன்னார். அந்த நம்பிக்கையே திருமணத்தில் முடிந்தது. அது ஏறத்தாழ 595ஆம் ஆண்டு. அப்போது பெருமானாருக்கு வயது 25.

வியாபாரிகளாகிய நாம் இங்கே நின்று கவனிக்க வேண்டும். கூட்டு வியாபாரத்தில் ஒருவர் நஷ்டத்தை மறைத்து, லாபம் என்று சொல்லிக்கொண்டே வந்தால் அவரை நாம் என்ன சொல்வோம்? மோசக்காரர் என்போம். பேரேட்டைக் கொண்டுவா என்போம். ஆனால் வாழ்க்கையில் நமக்குக் கூட்டாளியாக வந்தவரிடம் அதையே செய்துவிட்டு, அதற்கு ஆண்பிள்ளைத்தனம் என்று பெயர் வைக்கிறோம். நம் நஷ்டத்தில் பாதியை எப்படியும் சுமக்கப் போகிறவர் அவர். அவருக்குக் கணக்குப் பார்க்க உரிமையில்லையா?

இரண்டாம் பாடம்: போர்த்தும்படி கேட்டவர்

610ஆம் ஆண்டு. மக்காவுக்கு அருகில் ஜபலுந் நூர் என்னும் மலையில் உள்ள ஹிராக் குகையில் பெருமானார் தனித்திருந்தபோது, ஜிப்ரீல் (அலை) அவர்கள் முதல் வஹீயைக் கொண்டுவந்தார்கள். பெருமானார் நெஞ்சு படபடக்க மலையிறங்கினார்கள். அவர்கள் நேரே சென்றது மனைவியாரிடம். தம்மைப் போர்த்தும்படி கேட்டார்கள். நடுக்கம் தணிந்ததும் நடந்ததைச் சொன்னார்கள். தமக்கு என்ன ஆகுமோ என்று அஞ்சியதையும் மறைக்காமல் சொன்னார்கள்.

அப்போது அவர்களுக்கு வயது 40. ஊரார் அல்அமீன் என்று அழைத்த பெரிய மனிதர். திருமணமாகிப் பதினைந்து ஆண்டுகள் ஆகியிருந்தன. நான் நடுங்கினால் இவர் என்னை என்ன நினைப்பார் என்று அவர்கள் எண்ணவில்லை. சரக்குக் கணக்கை ஒளிக்காமல் கொடுத்தவர்கள் மனக்கலக்கத்தையும் ஒளிக்கவில்லை.

இனி, கேட்டவர் என்ன செய்தார் என்று பார்ப்போம். இதுவும் பாடத்தில் சரிபாதி. கதீஜா (ரலி) அவர்கள் செய்தவை நான்கு.

முதலாவது, போர்த்தினார்கள். நடுங்குகிறவரை நிறுத்தி வைத்து, என்ன, எங்கே, ஏன் என்று விசாரணை நடத்தவில்லை. கேட்டது போர்வை, கொடுத்தது போர்வை.

இரண்டாவது, கேட்டார்கள். நடுக்கம் தணிந்து அவர்களாகச் சொல்லும்போது முழுவதையும் கேட்டார்கள். நடுவே தம் பயத்தைக் கொண்டுவந்து சேர்க்கவில்லை.

மூன்றாவது, நினைவூட்டினார்கள். அல்லாஹ் உங்களைக் கைவிடமாட்டான் என்று ஆறுதல் சொல்லி, அதற்குச் சாட்சியும் வைத்தார்கள். சுற்றத்தாரைச் சேர்ந்து வாழ்வது, பிறர் சுமையைத் தாங்குவது, இல்லாதவருக்கு உதவுவது, விருந்தினரை உபசரிப்பது, கஷ்டத்தில் சிக்கியவருக்குத் துணை நிற்பது ஆகிய அவர்களுடைய குணங்களை ஒவ்வொன்றாக எடுத்துச் சொன்னார்கள். வெறுமனே பயப்படாதீர்கள் என்பது வேறு. உங்களைப் பதினைந்து ஆண்டுகளாகப் பார்த்தவள் சொல்கிறேன் என்று சாட்சி கூறுவது வேறு. கலங்கியவருக்குத் தம் நற்செயல்களே மறந்துபோகும். அதை எடுத்துக் கொடுக்க அருகில் ஒருவர் வேண்டும்.

நான்காவது, அறிந்தவரிடம் அழைத்துச் சென்றார்கள். தமக்குத் தெரிந்தது அவ்வளவுதான் என்று கண்டு, முந்தைய வேதங்களைக் கற்றவரான தம் உறவினர் வரகா பின் நௌபல் என்ற முதியவரிடம் கூட்டிக்கொண்டு போனார்கள். வந்தவர் மூஸா (அலை) அவர்களிடம் வந்த அதே வானவர்தாம் என்று அவர் தெளிவுபடுத்தினார். ஊரார் உங்களை வெளியேற்றுவார்கள் என்னும் கசப்பான செய்தியையும் அவரே சொன்னார்.

இந்த நான்கில் நாம் எதில் தவறுகிறோம் என்று நெஞ்சில் கைவைத்துப் பார்க்க வேண்டும். வீட்டிலிருந்து ஒரு கஷ்டம் சொன்னால், “இதெல்லாம் ஒரு கஷ்டமா? நான் இங்கே படும் பாட்டைப் பார்” என்று நம் கதையைத் தொடங்கிவிடுகிறோம். போர்வை கேட்டவரிடமிருந்து போர்வையைப் பிடுங்குவது போன்றது இது. சொல்லி முடிக்கும் முன்னே யோசனை சொல்லத் தொடங்குவோரும் உண்டு. நாமே அப்படித்தான் இருந்தோம். உம்மா விழுந்த செய்தியை வீட்டார் நம்மிடம் சொல்லாமல் விட்டதற்கு விமானம் மட்டும் காரணமல்ல. அதற்கு முன் அவர்கள் எதைச் சொன்னபோதும் நாம் கேட்ட விதமும் ஒரு காரணம். அதை அவர்கள் சொல்லவில்லை, நாமாக உணர்ந்தோம்.

மூன்றாம் பாடம்: நடுங்கியவரே தைரியம் கொடுத்தார்

கலக்கத்தைக் காட்டிவிட்டால் பிறகு மதிப்புப் போய்விடும், குடும்பத்தைத் தாங்க முடியாது என்று அஞ்சுகிறோம். சரிதை அப்படிச் சொல்லவில்லை.

ஹிராவில் போர்வை கேட்டவர்கள், பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின் 622ஆம் ஆண்டு ஹிஜ்ரத்தின்போது தௌர் குகையில் இருந்தார்கள். தேடி வந்தவர்கள் குகையின் வாயிலை நெருங்கிவிட்டார்கள். உடனிருந்த அபூபக்ர் (ரலி) அவர்கள் கலங்கினார்கள். பெருமானாரோ, கவலைப்பட வேண்டாம், அல்லாஹ் நம்முடன் இருக்கிறான் என்று தேற்றினார்கள். திருக்குர்ஆனின் ஒன்பதாம் அத்தியாயம் இதை எடுத்துரைக்கிறது. ஒரு குகையிலிருந்து வந்து ஆறுதல் பெற்றவர், இன்னொரு குகையில் ஆறுதல் கொடுத்தார். ஆகவே வலிமை என்பது ஒருவர் பெயரில் மட்டும் நிரந்தரமாகப் பதிந்த சொத்தன்று. இன்று வாங்கியவர் நாளை கொடுப்பார். குடும்பமும் நட்பும் நிலைப்பது இந்தக் கொடுக்கல் வாங்கலில்தான்.

628ஆம் ஆண்டு ஹுதைபிய்யா உடன்படிக்கை நடந்தபோதும் இதைக் காண்கிறோம். உம்ரா செய்யாமலே திரும்ப நேர்ந்த துயரத்தில் தோழர்கள் குர்பானி கொடுக்கவும் முடி களையவும் எழாமல் இருந்தார்கள். பெருமானார் கூடாரத்துக்குள் சென்று, தம் மனைவியார் உம்மு ஸலமா (ரலி) அவர்களிடம் இதைச் சொன்னார்கள். யாரிடமும் பேசாமல் வெளியே சென்று முதலில் தாங்களே அறுத்து முடி களையுங்கள் என்பது அந்த அம்மையாரின் யோசனை. அவ்வாறே செய்தார்கள். கண்ட தோழர்கள் அனைவரும் எழுந்தார்கள். படைக்கும் சமூகத்துக்கும் தலைவராக இருந்தவர், வீட்டாரிடம் மனக்கஷ்டத்தைச் சொல்லி, வீட்டார் சொன்னதை ஏற்றதால் தலைமை குறைந்துவிடவில்லை. நின்றுபோன காரியம் நடந்தேறியது.

நான்காம் பாடம்: அளவு

இதுவரை சொன்னதைக் கேட்டு, இனி உள்ளதையெல்லாம் கண்டவரிடமெல்லாம் கொட்டலாம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அளவு உண்டு. இதற்கு இரண்டு சம்பவங்களைப் பார்ப்போம்.

624ஆம் ஆண்டு பத்ருப் போரில், பெருமானாரின் மகளார் ஸைனப் (ரலி) அவர்களின் கணவர் அபுல் ஆஸ் எதிர்ப்பக்கத்தில் இருந்து சிறைப்பட்டார். அவரை மீட்க ஸைனப் (ரலி) அவர்கள் மக்காவிலிருந்து பொருள் அனுப்பினார்கள். அதில் ஒரு கழுத்து மாலை இருந்தது. அது கதீஜா (ரலி) அவர்கள் தம் மகளுக்குத் திருமணத்தின்போது கொடுத்தது. 619ஆம் ஆண்டிலேயே மறைந்துவிட்ட துணைவியாரின் மாலையைக் கண்டதும் பெருமானார் உள்ளம் உருகினார்கள். அந்த உருக்கத்தைத் தோழர்கள் கண்டார்கள். ஆனால் அதை வைத்துக் கட்டளையிடவில்லை. உங்களுக்குச் சம்மதமானால் கைதியை விடுவித்து மாலையைத் திருப்பிக் கொடுக்கலாமே என்று கேட்டார்கள். அவர்களும் சம்மதித்தார்கள். மனம் உருகிய நேரத்திலும் பிறருடைய உரிமை மறக்கப்படவில்லை.

632ஆம் ஆண்டு, குழந்தை இப்ராஹீம் மதீனாவில் மறைந்தது. பெருமானார் கண்ணீர் விட்டார்கள். தாங்களுமா என்று ஒரு தோழர் வியந்து கேட்டபோது, இது இரக்கம் என்று விளக்கினார்கள். அன்றே சூரிய கிரகணமும் ஏற்பட்டது. நபியின் குழந்தை இறந்ததால்தான் சூரியன் மறைந்தது என்று ஜனங்கள் பேசத் தொடங்கினார்கள். துக்கத்தில் இருந்தவருக்கு அது ஆறுதலான பேச்சாகவும் இருந்திருக்கலாம். ஆனால், யாருடைய பிறப்புக்காகவும் இறப்புக்காகவும் கிரகணம் பிடிப்பதில்லை என்று பெருமானார் உடனே மறுத்துவிட்டார்கள். கண்ணில் நீர் இருந்தது. நாவு உண்மையிலிருந்து தவறவில்லை. கலக்கமும் தைரியமும் ஒரே நெஞ்சில் ஒரே நேரத்தில் இருக்க முடியும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

இவற்றிலிருந்து நாம் விளங்கிக்கொண்ட அளவுகளைக் கீழே எழுதுகிறோம்.

யாரிடம் சொல்வது? நம் கஷ்டத்தின் பலன் யார் தலையில் விழுமோ அவரிடம் முதலில் சொல்ல வேண்டும். அவருக்கு உரிமை உண்டு. அதன் பிறகு, அமானிதம் காக்கும் ஒரு நண்பரிடம் சொல்லலாம். பத்து வயதுப் பிள்ளையிடம் கடன் கணக்கைச் சொல்லி அழுவது தகாது. அந்தத் தோளுக்கு அந்தச் சுமை கூடாது. வயது முதிர்ந்த உம்மாவிடம் துஆச் செய்யச் சொல்லிக் கேட்டால் போதும். நமக்குத் தெரிந்த ஒருவர் இரவுதோறும் ஊரிலுள்ள தம் தாயாரை அழைத்துக் குறையெல்லாம் சொல்லித் தீர்ப்பார். சொன்ன பின் அவர் நன்றாகத் தூங்கிவிடுவார். தாயார் விடியும் வரை தஸ்பீஹோடு உட்கார்ந்திருப்பார். இது பகிர்ந்துகொள்வதன்று, சுமையை இறக்கிப் பிறர் தலையில் ஏற்றுவது.

எப்போது சொல்வது? அவர் ஒரு முடிவு எடுப்பதற்கு முன்னால் சொல்ல வேண்டும். கொத்தனார் வந்த பிறகு சொல்லிப் பயனில்லை என்பதற்கு நம் கதையே சாட்சி. கோபத்தில் இருக்கும்போதும், அவர் அடுப்படியில் பிள்ளைகளோடு மல்லாடும்போதும் தொடங்கக் கூடாது. பேசலாமா என்று கேட்டுத் தொடங்குவது நல்லது.

எவ்வளவு சொல்வது? நடந்தது என்ன, நம் மனம் எப்படி இருக்கிறது, என்ன செய்ய நினைக்கிறோம் என்ற மூன்றும் போதும். இன்னாரால் கெட்டேன், இன்னார் நாசமாகட்டும் என்பதெல்லாம் கணக்கில் சேராது.

கேட்டவர் என்ன செய்ய வேண்டும்? முன்னே சொன்ன நான்கையும் செய்ய வேண்டும். நம்மால் தீராதது என்று கண்டால், கதீஜா (ரலி) அவர்களைப் போல அறிந்தவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும். கடன் விஷயமானால் கணக்குத் தெரிந்த நேர்மையானவரிடம் போகலாம். வாரக் கணக்கில் தூக்கமும் சாப்பாடும் இல்லாமல், உயிர் வாழ்வதிலேயே வெறுப்புக் காட்டினால் தாமதிக்காமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. காய்ச்சலுக்குப் போகிறோமல்லவா?

கடைசியாக ஒன்று. ஒருவர் நம்மை நம்பிச் சொன்ன கலக்கம் நம்மிடம் வைத்த அமானிதம். நாளை சண்டை வரும்போது, “அன்று அழுதவர்தானே நீங்கள்” என்றோ, “உன் வீட்டு யோக்கியதை தெரியாதா” என்றோ அதை எடுத்து வீசினால், ஒப்படைத்த நகையை விற்றுத் தின்றதற்குச் சமம். அப்படி ஒருமுறை எறிபட்டவர் பிறகு ஆயுள் முழுவதும் எல்லாம் நலம் என்றுதான் சொல்வார். கணவர் மனைவியிடம் மறைப்பதற்கும், மனைவி கணவரிடம் மறைப்பதற்கும் பல வீடுகளில் மூலகாரணம் இதுதான். கணவரும் மனைவியும் ஒருவருக்கொருவர் ஆடை போன்றவர்கள் என்பது திருக்குர்ஆனின் இரண்டாம் அத்தியாயத்தில் வரும் கருத்து. ஆடை நம் உடலின் தழும்பை அறியும், பிறருக்குக் காட்டாது.

நாம் இப்போது செய்வது

ஆண்டு முடிவில் கடைக்கு ஐந்தொகை எடுக்கிறோம். வரவு, பற்று, இருப்பு, கொடுக்க வேண்டியது, வர வேண்டியது எல்லாம் வெளிச்சத்துக்கு வந்துவிடும். வீட்டுக்கும் அப்படி ஒன்று வேண்டும் என்று, 2020க்குப் பிறகு நாமும் வீட்டாரும் ஓர் ஏற்பாடு செய்துகொண்டோம். வெள்ளிக்கிழமை இரவு, கடை அடைத்த பின் அரைமணி நேரம் பேசுவோம். அதில் எல்லாம் நலம் என்ற சொல்லை இருவரும் சொல்லக் கூடாது. அவர்கள் ஒன்று சொல்வார்கள். நாம் ஒன்று சொல்வோம். தீர்வு காண முடிந்தால் காண்போம். முடியாவிட்டால் கேட்டுக்கொண்டு துஆச் செய்வோம்.

முதல் சில வாரங்கள் சிரமமாகத்தான் இருந்தது. தொண்டை அடைத்தது. இருபது ஆண்டு பழக்கம் உடனே போகுமா? ஒருநாள் வீட்டார், “மச்சான், இப்போதுதான் நீங்கள் ஊருக்கு வந்தது போல் இருக்கிறது” என்றார்கள். அன்று நாம் பினாங்கில்தான் இருந்தோம்.

கடன் அடைய இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. மாடி இன்னும் எழவில்லை. இன்ஷா அல்லாஹ், எழும்போது எழட்டும். உம்மா இப்போது கைத்தடியோடு நடக்கிறார்கள். அது நமக்குத் தெரியும்.

சிந்திக்க வேண்டிய கேள்விகள்

1. நம் கடையின் உண்மையான நிலையை நம் வீட்டார் அறிவார்களா? வேறு யார் வாயிலாகவோ அவர்கள் அறியும்படி விட்டிருக்கிறோமா?

2. வீட்டார் கடைசியாக நம்மிடம் ஒரு கஷ்டம் சொன்னது எப்போது? அன்று நாம் போர்த்தினோமா, விசாரித்தோமா?

3. நம்மை நம்பிச் சொன்ன ஒன்றைச் சண்டையில் எடுத்து எறிந்திருக்கிறோமா? எறிந்திருந்தால் மன்னிப்புக் கேட்டோமா?

4. தாங்க முடியாத தோளின்மீது நம் சுமையை ஏற்றி வைத்திருக்கிறோமா?

இக்கேள்விகளுக்கு யாரும் எழுதி அனுப்ப வேண்டியதில்லை. இன்றிரவு கடையைப் பூட்டிய பின், ஊருக்குப் பேசும் முன்னே ஒருமுறை எண்ணிப் பார்த்தால் போதும்.

நம் குடும்பங்களில் மறைவற்ற அன்பையும், கலங்கியவரைப் போர்த்தும் உள்ளத்தையும், போர்த்தப்பட்ட பின் எழுந்து பிறரைத் தாங்கும் வலிமையையும் வல்ல நாயன் தந்தருள்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.